நெய்க்காரி போட்ட வட்டம்

முன்னே ஒரு காலத்தில், அது எந்தக் காலம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பேரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது பங்காளி என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் பேர் வேண்டாம். அந்த ராஜாவுக்குப் படையைவிட, பட்டத்து யானையைவிட, ஏன், பட்டத்து ராணியைவிடவும் பிரியமானது ஒன்று உண்டு. அவருடைய மீசை. ராணிக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

அந்த ஊரில் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வாங்கினவன் இன்று, நாளை என்று இழுத்தடித்தால், கொடுத்தவன் ஒரு பிடி சுண்ணாம்புத் தூளை எடுத்துப்போய் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவான். அவ்வளவுதான். பாக்கியைத் தீர்க்கிறவரை, அல்லது ஏதாவது ஈடு சொல்கிறவரை, வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினவனுக்கு ஊரில் அடுப்புப் பற்றவைக்க நெருப்புக்கூடக் கிடைக்காது. கடனே இல்லாதவன் தாராளமாகத் தாண்டிப் போகலாம்; பொய்யாக வட்டம் போட்டவன்தான் அப்புறம் தண்டம் கட்டவேண்டும்.

நாளாக ஆக, கொடுத்தவர்களுக்கு வெயிலில் அலைய உடம்பு வணங்கவில்லை. கூலிக்கு ஆள் பிடித்தார்கள். வட்டக்காரர்கள் என்று ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. வசூலில் பங்கு உண்டு என்றதும் அவர்களுக்கு நேரம் காலம் தெரியவில்லை. மாப்பிள்ளையை மணவறையில் வட்டம் போட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவனைப் பாயசம் வருவதற்கு முன்னால் வட்டம் போட்டார்கள். அந்தப் பாவம் சும்மா விடுமா?

ஒருநாள் அரண்மனை நாவிதன் சடையன் ராஜாவின் மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தான். இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் தொடங்கும் முன் வெந்நீர் தீர்ந்துபோய், வாங்கிவரக் கோட்டை வாசலுக்குப் போனான். போனவன் போனவன்தான். ராஜா பார்த்தார், பார்த்தார். கடைசியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானே வாசலுக்குப் போனால், சடையன் ஒரு வெள்ளை வட்டத்துக்கு நடுவே சொம்பும் கையுமாக நிற்கிறான். பக்கத்தில் ஒரு வட்டக்காரன் பல் குத்திக்கொண்டு நிற்கிறான்.

"மகாராஜா, எள்ளுக்காரன் பாக்கி" என்றான் சடையன், அழாத குறையாக.

வழக்கம் வழக்கம்தானே? ராஜாவானாலும் அழிக்க முடியுமா? ராஜா வட்டத்துக்கு வெளியே புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சடையன் உள்ளிருந்தபடி எட்டி எட்டி மீதி மீசையை ஒதுக்கினான். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். எட்டி நீட்டின கையில் கத்தரி நேராக நிற்குமா? முடிந்தபோது இடது மீசை ஒரு விரல் நீளம், வலது மீசை அரை விரல்.

அன்றைக்கே சட்டம் பிறந்தது. இனிமேல் பிறர் கடனுக்காக வட்டம் போடுகிறவர் எவராக இருந்தாலும் அரச முத்திரை பொறித்த உரிமத் தகடு கழுத்தில் தொங்கவேண்டும். தகடு வேண்டுமானால் பிணைப் பணம் கட்டவேண்டும். சூரியன் கிளம்பும் முன்னும் விளக்கு வைத்த பின்னும் போகக் கூடாது. யார் கடனுக்கு வந்தோம் என்பதை முதலில் சொல்லவேண்டும். கடுஞ்சொல் கூடாது. கடன்காரர் தாராளமாக நிற்கும் அளவுக்கு வட்டம் இருக்கவேண்டும். தகடு இல்லாமல் போட்டால் மொட்டை அடித்து, கழுதையில் ஏற்றி, எல்லைக்கு அப்பால். தன் கடனுக்குத் தானே வட்டம் போடுகிறவருக்கு மட்டும் தகடு வேண்டாம். அது பழைய உரிமை.

நல்ல சட்டம்தான். எழுதக் கொடுத்த ஆள்தான் பொக்கிஷதார் சண்பகராயர். அவர் வயிறு முன்னே வரும், அவர் பின்னே வருவார். எழுதும்போது தன் பங்குக்கு இரண்டு விஷயம் சேர்த்தார். வட்டம் தாண்டின கடன்காரனுக்கு நெருப்பு இல்லை என்பதோடு, வீடு நிலம் எல்லாம் பறிமுதல். தகடு கொடுக்கும் அதிகாரம் பொக்கிஷதாருக்கு. சட்டம் வந்த வேகத்தில் மூன்று தகடுகள் கொடுத்தார். மூன்றும் அவருடைய மைத்துனர்களுக்கு. அதற்கப்புறம் யார் கேட்டாலும் பிணைப் பணம் யானை விலை.

இந்த ராஜாவின் சபையில் விகடம் பேச ஒருவர் இருந்தார். பேர் உலகளந்தான். எந்த வேளையில் அந்தப் பேரை வைத்தார்களோ, ஆள் கதவின் மேல்தாழ்ப்பாளை எட்டமாட்டார். ராஜாவுக்கு அவரைக் கண்டால் சிரிப்பு வரும். சண்பகராயருக்கு ராஜா சிரிப்பதைக் கண்டால் வயிறு எரியும். அவ்வளவு பெரிய வயிறு எரிந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

உலகளந்தான் குடியிருந்தது கோட்டைக்கு வெளியே, சந்தைத் தெருவில். ஒருநாள் சபைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு நெய்க்காரி மருதாயி வழிமறித்தாள். சந்தையில் அவள் நெய்க்கு ஒரு பேர் உண்டு. அன்றைக்கு அவள் முகத்தில் களையே இல்லை.

"அண்ணே, என் எருமை போகப்போகுது."

"எங்கே போகுது?"

"பருத்திக்கொட்டை வியாபாரிக்கு. தீவனப் பாக்கிக்கு அந்த விடங்கன் வந்து என்னைச் சுத்தி வட்டம் போட்டுட்டான். பொக்கிஷதார் மைத்துனன், அவன்தான். எருமையை ஈடா சொல்லிட்டுத்தான் வெளியே வந்தேன். புதுவெள்ளத் திருவிழா முடிஞ்ச மறுநாள் ஓட்டிட்டுப் போயிடுவானாம்."

"பாக்கியைக் கொடுத்துவிடலாமே, மருதாயி?"

"எங்கிருந்து குடுக்க? பொக்கிஷதாருக்கு அறுபதாம் கலியாணம் நடந்துச்சே, அதுக்கு அத்தனை குடம் நெய்யும் என் வீட்டு நெய்தான். ஒரு காசு வரலே. அதை நம்பித்தான் தீவனம் கடன் வாங்கினேன். நானே போயி வட்டம் போட்டுடுவேன், ஆனா என்னைக் கோட்டை வாசலுக்குள்ளே விட மாட்டேங்குறாங்க. அந்த மனுஷன் வெளியே வந்தாலும் பல்லக்கை விட்டுக் காலைக் கீழே வைக்கிறதில்லே." அவள் குரல் இறங்கியது. "நீங்க தினம் உள்ளே போறவரு. எனக்காக ஒரு வட்டம் போட்டுடுங்களேன்."

உலகளந்தான் மறுப்பு சொல்லத் தெரியாத ஆள். அவர் மனைவி நாச்சியைக் கேட்டால் சொல்வாள், அந்தக் குணத்தால்தான் தன் காலில் இன்னும் வெள்ளித் தண்டை இல்லை என்று. அதைத் தினம் சொல்வாள்.

அன்று சபை கலைந்ததும் உலகளந்தான் பொக்கிஷதாரிடம் போய் நின்றார். "ஐயா, அடியேனுக்கு ஒரு உரிமத் தகடு வேண்டும்."

"ஓய் உலகளந்தாரே, உமக்கா?" சண்பகராயர் ஆனந்தமாகச் சாய்ந்துகொண்டார். "தகடு ஒரு சாண் நீளம். உம் கழுத்தில் தொங்கவிட்டால் மீதி உமக்கு எங்கே இடம்?"

"முதுகில் தொங்கவிட்டுக்கொள்கிறேன். வட்டம் போட்டுவிட்டு ஓடும்போதுதானே எல்லோரும் பார்ப்பார்கள்?"

"யாருடைய கடனுக்காம்?"

"நெய்க்காரி மருதாயி கடனுக்கு. சட்டப்படி முதலில் சொல்லிவிட்டேன்."

சண்பகராயர் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. கண் மட்டும் மைத்துனன் விடங்கனைத் தேடியது. "பிணைப் பணம் ஒரு பானை பொன். கொண்டுவாரும், தகடு தருகிறேன்" என்றார். உலகளந்தான் நகர்ந்ததும் விடங்கனை அருகே இழுத்து, "இவன் பின்னாலேயே சுற்று. சுண்ணாம்பை ஒரு துளி கீழே சிந்தினாலும் பிடி. வெற்றிலைக்கு என்று சொன்னாலும் விடாதே. திருவிழாவில் ராஜா எனக்கு தர்மசிந்தாமணி என்று பட்டம் கொடுக்கிறார். அதற்குள் இவன் கழுதை ஏறியாகவேண்டும்" என்றார்.

விடங்கனுக்கு ஒளிந்து நிற்கத் தெரியாது. உலகளந்தான் திரும்பின பக்கமெல்லாம் அவன் தலைதான். திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதும் வாசல் முருங்கை மரத்துக்குப் பின்னால் பாதி விடங்கன் தெரிந்தான். கழுத்துத் தகடு வெயிலில் பளீர் என்று அடித்தது.

"ஏங்க, அந்த ஆளையும் சாப்பிடக் கூப்பிடட்டுமா? நம்ம வீட்டுல உங்களைவிட அதிக நேரம் அவன்தான் இருக்கான்" என்றாள் நாச்சி. அவள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் குந்தி, சுவரோரம் சாம்பலால் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுகிறாய்?"

"எறும்பு."

"எறும்பு பானையில் அல்லவா ஏறுகிறது? சுவரில் போய்க் கோடு போடுகிறாயே?"

"ஒவ்வொரு எறும்பா துரத்திட்டு இருக்க எனக்கென்ன வேற வேலை இல்லையா? அது குடியிருக்கிற பொந்தைச் சுத்திக் கோடு போட்டா முடிஞ்சது. உள்ளே இருக்கிறது உள்ளேயே கிடக்கும்." சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். "கல்யாணத்தன்னைக்குச் சொன்ன தண்டையைத்தான் மறந்தீங்க. சோறு ஆறிப்போனதையும் மறந்துடுவீங்களா?"

உலகளந்தான் மறந்துதான் போனார். எழுந்து, கை கழுவாமல், மருதாயி வீட்டுக்கு ஓடினார். முருங்கை மரத்துக்குப் பின்னாலிருந்து விடங்கனும் ஓடினான். அங்கே என்ன பேசினார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. மருதாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது மட்டும் தெரிந்தது. அவள் சிரித்து நாளாகியிருந்தது.

திருவிழா அன்று சூரியன் நன்றாகக் கிளம்பிய பிறகு, மருதாயி கூடை நிறையச் சுண்ணாம்புத் தூளோடு கோட்டை மதிலோரம் வந்தாள். கோட்டை என்று பேர்தான். வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்தால் துப்புவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் என்று எதிரி நாட்டார் சொல்வார்கள். ஆனாலும் குனிந்து கோடு இழுக்கிறவளுக்குத்தானே முதுகு வலி தெரியும்? சந்தைப் பெண்கள் கூடை சுமந்து கூடவே வந்தார்கள். ஒருத்தி ஆசையாக ஒரு பிடி அள்ளப்போனாள்.

"தொடாதே தாயே!" உலகளந்தான் தூரத்திலிருந்தே அலறினார். "நீ போட்டால் தகடு வேண்டும். கூடை சுமக்கத் தகடு வேண்டாம். கடன் அவளுடையது, கையும் அவளுடையதாகவே இருக்கட்டும்."

வாசல் காவற்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன மருதாயி, திருவிழாக் கோலமா?"

"ஆமாண்ணே. பெரிய கோலம். புள்ளி மட்டும் உள்ளே இருக்கு."

காவற்காரனுக்குப் புரியவில்லை. புரியாததற்கெல்லாம் சிரித்துவைப்பது அவன் வழக்கம், சிரித்தான். விடங்கனோ உலகளந்தான் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கை அசைந்தால்தானே? முதுகுக்குப் பின்னால் கட்டிய கையோடு அவர் கம்பீரமாக நடந்தார், விடங்கனும் கம்பீரமாக நடந்தான், பக்கத்திலேயே கோட்டையைச் சுற்றிக் கோடு நீண்டுகொண்டே போனதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் வாசல் வந்தது. ராணியும் அரண்மனைப் பெண்களும் பல்லக்குகளில் ஆற்றுக்குப் போனார்கள். சண்பகராயரின் மனைவியும் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கப் போனாள். அவர்கள் போன புழுதி அடங்கியதும் மருதாயி குனிந்து வாசலுக்குக் குறுக்கே கோட்டின் இரண்டு நுனியையும் சேர்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முழங்கைவரை வெள்ளை.

மேளம் முழங்க ராஜாவின் யானை வந்தது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நின்றது. யானை தானாக நிற்கவில்லை, பாகன்தான் நிறுத்தினான். அவனுக்கு ஊரில் நாலு இடத்தில் பாக்கி. பின்னால் வந்த மந்திரிகள், தளபதிகள், சங்கீத வித்வான் எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றுவிட்டார்கள். யாருக்கு யாரிடம் எவ்வளவு என்பது அவரவர் முகத்திலேயே தெரிந்தது.

"என்ன இது?" என்று கர்ஜித்தார் ராஜா. "என் கோட்டைக்கே வட்டமா? யார் போட்டது?"

"மகாராஜா!" சண்பகராயர் பல்லக்கிலிருந்து இறங்கியேவிட்டார். புதுப் பட்டுத் தலைப்பாகை கோணியது. "உலகளந்தார் போட்டது! தகடு கேட்டார், நான் மறுத்தேன். தகடு இல்லாமல் போட்டிருக்கிறார். கழுதையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்!"

உலகளந்தான் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார். வெற்றிலைச் சிவப்பு தவிர ஒன்றுமில்லை. "பொக்கிஷதாரின் மைத்துனர் காலையிலிருந்து இந்தக் கைகளைக் காவல் காக்கிறார், மகாராஜா. அவரையே கேளுங்கள்."

விடங்கன் திருதிருவென்று விழித்தான். "கை... அசையலை, மகாராஜா" என்றான்.

மருதாயி கோட்டுக்கு வெளியே தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். "நான்தான் போட்டேன் சாமி. என் கடன், என் கை. பொக்கிஷதார் எனக்கு நெய்ப் பாக்கி தரணும். என்னை உள்ளே விடலை. அதான் அவர் எங்கே இருந்தாலும் சேர்த்து வளைச்சுட்டேன்."

"இவ்வளவு பெரிய வட்டம் செல்லாது!" என்றார் சண்பகராயர்.

"எழுதினவர் தாங்கள்தானே, ஐயா?" என்றார் உலகளந்தான் பணிவாக. "கடன்காரர் தாராளமாக நிற்கும் அளவுக்கு வட்டம் இருக்கவேண்டும் என்று எழுதினீர்கள். எவ்வளவு தாராளம் என்று எழுதவில்லை. தங்கள் உடம்புக்கு இதில் குறைந்தால் நெரிசலாகிவிடும் என்று இந்தப் பெண் பயந்துவிட்டாள்."

ராஜாவின் வலது மீசை, குட்டையான அந்தப் பக்கம், இலேசாகத் துடித்தது. "சண்பகராயரே, இவளுக்கு நீர் பாக்கி உண்டா?"

"இல்லவே இல்லை மகாராஜா."

"அப்படியானால் என்ன கவலை? தாண்டி வாரும். அவள் பொய் சொல்லியிருந்தால் தண்டமாக அவள் எருமையை நீரே எடுத்துக்கொள்ளும்."

சண்பகராயர் கோட்டருகே வந்தார். வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் தூக்கினபடியே நின்றது. கீழே வெள்ளைக் கோடு. அப்பால் பட்டமும் ஆறும். ஆனால் கடன் இருந்து தாண்டினால் வீடு நிலம் எல்லாம் பறிமுதல் என்று எழுதியவர் யார்? அவரேதான்.

"தாண்டுங்க சாமி" என்றாள் மருதாயி, மெதுவாக. "தாண்டினதும் உங்க விருந்துல சாப்பிட்டவங்களை எல்லாம் கூட்டிட்டு வர்றேன். நெய்க்கு அவங்கதானே சாட்சி?"

"விருந்தா?" ராஜா யானை மேலிருந்து குனிந்தார். "அறுபதாம் கலியாண விருந்தா? அதில் ஒரு அதிரசம் போட்டார்களே. விரலை வைத்தால் நெய் வடிந்ததே. அந்த நெய்யா?"

"அதேதான், மகாராஜா" என்றார் உலகளந்தான். "அதற்கப்புறம் இரண்டு நாள் தங்கள் மீசை விளக்கே இல்லாமல் பளபளத்தது. சபையே பார்த்தோம்."

சாட்சி யானை மேல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? தூக்கிய கால் கோட்டுக்கு இந்தப் பக்கமே இறங்கியது. "கொஞ்சம்... பாக்கி இருக்கலாம்" என்றார் சண்பகராயர்.

ராஜா அப்போதுதான் சிரித்தார். யானை நடுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும், அதுவரை சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்த கூட்டமெல்லாம் சிரித்தது. "கொடுத்துவிட்டு வாரும், காத்திருக்கிறோம்" என்றார்.

"பெட்டிச் சாவி என் மனைவியிடம், மகாராஜா. அவள் ஆற்றுக்குப் போய்விட்டாள். நான் எப்படிப் போவது?"

"இதற்குத்தானே மூன்று பேருக்குத் தகடு கொடுத்திருக்கிறீர்?" என்றார் ராஜா. "விடங்கா, ஓடுங்கள் மூன்று பேரும். நெய்க்காரி சார்பில் வசூல். யார் கடனுக்கு வந்தோம் என்று முதலில் சொல்லுங்கள். கடுஞ்சொல் கூடாது, நினைவிருக்கட்டும்."

ஆற்றங்கரையில் நடந்ததை அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பிற்பாடு நடித்தே காட்டினார்கள். மூன்று தம்பிகளும் கைகட்டி நின்று, "அக்கா, நெய்க்காரி மருதாயி கடனுக்கு வந்திருக்கிறோம், தயவுசெய்து" என்று தொடங்கினதும், அக்கா ஈரப் புடவையை முறுக்கிக்கொண்டு துரத்தினாளாம். கடுஞ்சொல் பேசக்கூடாது என்ற சட்டம் வசூலுக்கு வந்தவர்களுக்குத்தானே, அவளுக்கு இல்லையே! ஆனாலும் ராஜா காத்திருக்கிறார் என்றதும் சாவி வந்தது. பெட்டி திறந்தது. மருதாயியின் முந்தானை கனத்தது. அந்தக் காசிலேயே அவள் தீவனப் பாக்கியை விடங்கன் கையில் அங்கேயே எண்ணிக் கொடுத்தாள். "எருமையை மறந்துடுங்க தம்பி" என்றாள். பிறகு குனியாமல், கால் பெருவிரலாலேயே வாசல் கோட்டைக் கொஞ்சம் அழித்தாள். அந்த இடைவெளி வழியாகத்தான் பொக்கிஷதார் ஒருக்களித்து வெளியே வந்தார்.

பட்டம் கொடுக்கப்பட்டதா? கொடுக்கப்பட்டது, சடையனுக்கு. அவன் வட்டத்தில் மாட்டிக்கொண்டதால்தானே சட்டமே பிறந்தது! தகடு கொடுக்கும் அதிகாரம் பொக்கிஷதார் கையைவிட்டுப் போனது. பிணைப் பணம் யானை விலையிலிருந்து ஆட்டு விலைக்கு இறங்கியது. பாக்கி வைத்திருப்பவன் தகடு கொடுக்கும் இடத்தில் உட்காரக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது. உலகளந்தானுக்கு ராஜா தன் கையாலேயே ஒரு பொன்முடிப்புக் கொடுத்து, பிணை இல்லாமல் ஒரு தகடும் மாட்டிவிட்டார். சண்பகராயர் சொன்னது அதில் மட்டும் சரி. தகடு உலகளந்தானின் தொப்புளைத் தாண்டித் தொங்கியது.

சாயங்காலம் தகடு வயிற்றில் டங் டங் என்று இடிக்க வீட்டு வாசலில் வந்து நின்றார். "நாச்சி, பார்த்தாயா?" என்று தகட்டைத் தூக்கிக் காட்டினார். நாச்சி கையில் சாம்பல் கிண்ணத்தோடு வந்தாள், குனிந்தாள், அவரைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டு முடித்தாள்.

"அடியே, உன்னிடம் தகடு இருக்கிறதா?"

"என் தண்டை, என் கடன், என் கை. எனக்கெதுக்குங்க தகடு?"

தெருவே கூடிவிட்டது. மருதாயிதான் முன்னால் நின்றாள். உலகளந்தான் சட்டத்தை மேலிருந்து கீழ்வரை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார், ஒரு ஓட்டைகூடக் கிடைக்கவில்லை. பொன்முடிப்பை அவிழ்த்து அப்படியே அவள் கையில் வைத்தார். நாச்சி காலால் சாம்பலைத் தள்ளி வழிவிட்டாள். மறுநாள் சபையில் இதைச் சொன்னபோது ராஜா மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்லவேளை, அன்று காலைதான் சடையன் இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய சமமாக்கியிருந்தான்.